ஒட்டுக்குப் பக்கத்தில் உடைகிறது

மருதனார்மடம் சந்தைக்கு விடியற்காலையில் போகிற லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வெங்காயமோ வாழைக்குலையோ உருளைக்கிழங்கோ, பெட்டி தாங்குகிற அளவுக்கு மேல்தான் எப்போதும் ஏற்றியிருக்கும். அந்தப் பெட்டியை இயந்திரத்தோடு பிணைக்கிற கொழுவி ஒரு கைப்பிடி இரும்புதான். தோட்டத்து ஒழுங்கையில் வரும் ஒவ்வொரு பள்ளத்திலும் முழுப் பாரமும் அதில்தான் வந்து விழும். இணுவிலில் என் பட்டறைக்கு வருகிற திருத்த வேலைகளில் உடைந்த கொழுவிகள் நிறைய. கொண்டு வருகிறவர்கள் சொல்லுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அண்ணை, போன மாதந்தான் ஒட்டினது. திரும்பவும் ஒட்டு விட்டிட்டுது."

வாங்கிச் சேற்றைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அநேகமாக ஒட்டு விட்டிருக்காது. உருகிப் படிந்த ஒட்டு முழுசாக அப்படியே இருக்கும். அதன் விளிம்பை ஒட்டி, இரண்டு மூன்று மில்லிமீற்றருக்குள், ஒட்டுகிற ரொட் படாத இடத்தில் இரும்பு பிளந்திருக்கும். உடைந்த முகத்தில் ஒரு ஓரம் கறுத்துத் துருவேறிக் கிடக்கும். மிச்சம் பளபளவென்று மின்னும். கறுத்த ஓரம் பல நாட்களாக உள்ளே வளர்ந்த வெடிப்பு. மின்னுகிற பகுதி இன்று காலை உடைந்தது. "ஒட்டு விடேல்லைத் தம்பி, ஒட்டுக்குப் பக்கத்திலை இரும்பு விட்டிருக்கு" என்று காட்டினால் நம்பமாட்டார்கள். நம்பாததில் குற்றமில்லை. உருக்கி ஒட்டிய இடம்தான் பலவீனமானது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சரியான ரொட்டில் சரியாகப் போட்ட ஒட்டு, ஒட்டப்பட்ட சாதாரண இரும்பைவிடப் பலமானது. கவலைப்பட வேண்டியது, உருகாமல் சூடு மட்டும் பட்ட இரும்பைப் பற்றி.

பட்டறையில் வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு இதைக் கண்ணால் காட்ட ஒரு வழி வைத்திருக்கிறேன். பத்து மில்லிமீற்றர் பட்டை இரும்பு இரண்டை ஒட்டி, ஒட்டின் குறுக்கே வாளால் அறுத்து எடுப்போம். அறுத்த முகத்தை எமரித் தாளால், கரடானதில் தொடங்கி மெல்லியது வரைக்கும், முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்போம். பிறகு ஸ்பிரிற்றில் சிறிதளவு நைத்திரிக்கமிலம் கலந்து, பஞ்சில் தொட்டுத் தடவுவோம். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளை முகத்தில் கோடுகள் எழும்பி வரும். நடுவில் உருகி உறைந்த ஒட்டு. அதில் நெடுக்கு நெடுக்காக வளர்ந்த மணிகள் தெரியும். வெளியே பழைய இரும்பு. இரண்டுக்கும் இடையில், ஒட்டைச் சுற்றி நிழல் விழுந்த மாதிரி ஒரு கருஞ்சாம்பல் பட்டை. வெப்பம் பட்ட பகுதி அதுதான். அந்தப் பட்டையை முதன்முதலில் பார்க்கிற பிள்ளை ஒன்றும் பேசாமல் விரலால் தடவிப் பார்க்கும். இருபது தரம் வாயால் சொல்லி விளங்காதது அப்போது விளங்கிவிடும்.

ரொட் நுனியில் எரியும் மின்வில்லின் வெப்பம் பல ஆயிரம் பாகை. உருக்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸில் உருகும். உருகிய குளத்துக்குப் பக்கத்தில் இரும்பு உருகாது. ஆனால் 1,100, 1,200, 1,300 பாகைக்குச் சூடேறும். உருக்கு என்பது கோடிக்கணக்கான நுண்ணிய மணிகள் நெருங்கி அமைந்த பொருள். அந்தச் சூட்டில் மணிகள் ஒன்றையொன்று விழுங்கிப் பருக்கும். பருத்த மணிகளைக் கொண்ட உருக்கு அடியைத் தாங்காது, வளையாமல் வெடிக்கும். இன்னும் சற்றுத் தள்ளி, 900 முதல் 1,100 பாகை வரை சூடு பட்ட இடத்தில், மணிகள் புதிதாகப் பிறந்து மிக நுண்ணியதாகிவிடும். அந்தச் சிறு பகுதி பழைய இரும்பையும்விட நல்லது. அதற்கும் வெளியே ஏறத்தாழ 720 பாகை வரை பாதி மாறியும் மாறாமலும் ஒரு வளையம். ஆக, ஒரு விரல் அகலத்துக்குள் நாலைந்து வகை உருக்கு உண்டாகிவிடுகிறது. இரும்புக் கடையில் வாங்கியது ஒரே உருக்குத்தான்.

சூட்டைவிடப் பெரிய விஷயம் ஆறுகிற வேகம். எங்கள் ஊர்க் கொல்லர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கத்தியையும் அரிவாளையும் செக்கச்செவேலென்று காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்தித் தோய்ச்சல் வைக்கிறார்களே, அப்போது உருக்குக்குள் இருக்கிற காபன் வெளியேற நேரமில்லாமல் அகப்பட்டுக்கொள்கிறது. உண்டாவது மாட்டென்சைட் என்கிற மிகக் கடினமான அமைப்பு. கத்தியின் வாய்க்கு அது வேண்டும். வாய் அரைத்தால் கூர் நிற்கும். ஆனால் அதே அமைப்பு ஒட்டின் ஓரத்தில் உண்டானால், கொழுவி பள்ளத்தில் விழுகிறபோது வளைந்துகொடுக்க முடியாமல் பிளக்கும். யாரும் தண்ணீரில் அமிழ்த்த வேண்டியதில்லை. ஒட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குளிர்ந்த இரும்பே அந்தச் சூட்டை உறிஞ்சித் தோய்ச்சல் வைத்துவிடும். இரும்பு எவ்வளவு மொத்தமோ அவ்வளவு வேகமாக உறிஞ்சும்.

இதில் பலரும் தலைகீழாக நினைக்கிற ஒன்று இருக்கிறது. "சின்னதா ஒரு டக் அடிச்சு விடுங்கோ, பெரிசாச் சூடாக்க வேண்டாம்" என்பார்கள். மொத்தமான இரும்பில் டக் என்று அடிக்கிற சின்னப் புள்ளி ஒட்டுதான் மிக ஆபத்தானது. கொஞ்சச் சூடு, பக்கத்தில் பெரிய குளிர் இரும்பு. கண் மூடித் திறப்பதற்குள் ஆறிவிடும். நீளமாகப் போட்ட ஒட்டு இரும்பைத் தானே சூடாக்கி, தானே மெதுவாக ஆற வழிவிடும். டக்குக்கு அந்த வசதி கிடையாது.

எல்லா இரும்புக்கும் இந்தப் பயம் இல்லை. அதைப் பிரித்தறிவதுதான் தொழில். கேற்றுக்கும் கிறிலுக்கும் வருகிற எல் அயன், பொக்ஸ் பார் எல்லாம் மெல்லுருக்கு. அதில் காபன் நூற்றுக்கு 0.25 பங்குக்கு மேல் வராது. எப்படி ஆறினாலும் பெரிதாகக் கெடாது. இயந்திரத் தண்டுகளில் 0.4, 0.45 வரைக்கும் இருக்கும். லொறியின் வில்லுத்தட்டில் 0.5, 0.6. தண்டவாளத்தில் 0.7க்கு அருகில். போர்க் காலத்தில் எங்கள் ரயில் பாதையின் தண்டவாளங்கள் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப ஓடியது 2014 ஒக்ரோபரில்தான். பழைய தண்டவாளத் துண்டுகள் இன்னும் சில வளவுகளில் கிடக்கின்றன. "இதிலை ஒரு தட்டை ஒட்டித் தாங்கோ, பட்டடைக்கல்லு மாதிரி வைச்சிருக்கலாம்" என்று கொண்டு வருவார்கள். சாதா ரொட்டால் குளிர் தண்டவாளத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆறுகிற நேரத்தில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். ஓரத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு ஓடியிருக்கும்.

காபனை மட்டும் பார்த்தால் போதாது. மங்கனீசு, குரோமியம், மொலிப்டினம், நிக்கல் எல்லாம் கடினமாகிற குணத்தைக் கூட்டும். அதனால் எஞ்சினியர்மார் இவற்றையெல்லாம் ஒரே எண்ணாகச் சேர்த்துக் காபன் சமானம் என்று கணக்கிடுவார்கள். மங்கனீசின் ஆறில் ஒரு பங்கு, குரோமியத்தின் ஐந்தில் ஒரு பங்கு என்று காபனோடு கூட்டிக்கொண்டு போகிற கணக்கு. ஏறத்தாழ 0.4க்குள் நின்றால் பெரும்பாலும் நிம்மதியாக ஒட்டலாம். அதற்கு மேலே போகப் போகக் கவனம் கூட வேண்டும்.

பட்டறையில் ஆய்வுகூடம் இல்லை; கிறைண்டர் இருக்கிறது. இரும்பைக் கல்லில் பிடித்துப் பொறியைப் பாருங்கள். மெல்லுருக்கின் பொறி நீளமாக, நேராக, மஞ்சளாக ஓடும். நுனியில் ஒன்றிரண்டு கிளை மட்டும் பிரியும். காபன் கூடிய உருக்கின் பொறி கட்டையாக, கல்லை விட்டு வந்ததுமே பூவாகச் சிதறும். மத்தாப்பு நேரத்தில் பிள்ளைகள் பார்க்கிற பூதான். ஒட்டி ஆறிய பிறகு அரத்தைப் பிடித்தும் பார்க்கலாம். நல்ல இடத்தில் அரம் கடிக்கும். தோய்ச்சல் விழுந்த இடத்தில் கண்ணாடியில் வழுக்குகிற மாதிரி வழுக்கும்.

மேலே சொன்ன கொழுவிகளுக்குத் திரும்புவோம். பலதைக் கிறைண்டரில் பிடித்துப் பார்த்தால் பூப்பூவாகச் சிதறுகிறது. பழைய லொறி அச்சிலிருந்து வெட்டிய துண்டு! பலமான இரும்பு என்று தேடித்தான் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பலமே ஒட்டுக்கு எதிரி. குளிர் அச்சுத் துண்டை மெல்லிரும்புத் தட்டில் வைத்து, அவசரமாக ஒட்டி, போதாக்குறைக்கு வாளித் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றுவது எனக்குத் தீராத கவலை. "ஐயா, தண்ணியை ஊத்தித் தாங்கோ, சந்தைக்குப் போகோணும்" என்று கேட்கிற தோட்டக்காரரின் அவசரம் எனக்கு விளங்குகிறது. அவர் பெட்டியில் வாடிக்கொண்டிருக்கிற மரக்கறி எனக்கும் தெரிகிறது. ஆனாலும் ஊற்ற மாட்டேன்.

இப்படிப்பட்ட இரும்பை ஒட்ட வேண்டுமென்றால் முதலில் அதைச் சூடாக்க வேண்டும். அச்சு இரும்புக்கு 200, 250 பாகை வரை காஸ் விளக்கால் சுற்றிச் சுற்றிக் காட்டுவேன். எவ்வளவு சூடு என்று பார்க்க வெப்பச் சோக்கு என்று ஒன்று விற்கிறார்கள். அதில் எழுதியிருக்கிற பாகை வந்ததும் கீறிய கோடு உருகும். சூடான இரும்பில் ஒட்டினால் பக்கத்து இரும்பு சூட்டை அவ்வளவு வேகமாக உறிஞ்சாது. மாட்டென்சைட் உண்டாக இடம் குறையும். ஒட்டி முடித்ததும் உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்துவிடுவேன். இரவு முழுவதும் ஆறட்டும். வில்லுத்தட்டையும் ஸ்ரியறிங் பாகங்களையும் மட்டும் யார் கேட்டாலும் ஒட்டுவதில்லை. அவற்றுக்குப் புதிதாக வாங்கிப் போடுவதுதான் மருந்து. ஆள் உயிர் அதில் தொங்குகிறது.

ரொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியில் 6013 என்று போட்டிருக்கும் சாதா ரொட்தான் எங்கும் ஓடுகிறது. கேற்றுக்கு அது போதும். 7018 என்பது வேறு. முதல் இரண்டு இலக்கங்கள் ஒட்டின் இழுவைப் பலம்: சதுர அங்குலத்துக்கு 70,000 இறாத்தல். கடைசி 8, ஐதரசன் குறைந்த பூச்சு என்பதைச் சொல்கிறது. ஐதரசன் எங்கிருந்து வருகிறது? பூச்சு உறிஞ்சிய ஈரத்திலிருந்து, இரும்பில் இருக்கிற எண்ணெய், பெயின்ற், துருவிலிருந்து. மின்வில்லின் சூட்டில் தண்ணீர் பிரிந்து ஐதரசன் உருகிய இரும்புக்குள் கரைந்துபோகிறது. ஆறிய பிறகு அது மெல்ல மெல்ல நகர்ந்து, கடினமான ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளிருந்து வெடிக்க வைக்கும். உடனே நடக்காது. சில மணி நேரத்திலோ, ஒரு நாள் இரண்டு நாள் கழித்தோ நடக்கும். வளைகுடாவில் கப்பல் திருத்துகிற தளத்தில் நான் வேலை செய்த காலத்தில், 7018 ரொட்டை 300 பாகைக்கு மேல் அடுப்பில் வாட்டி, சூடு ஆறாத தூணியில் போட்டுத்தான் கையில் தருவார்கள். முக்கியமான ஒட்டுகளை 48 மணி நேரம் கழித்துத்தான் சோதிப்பார்கள். அன்றே பார்த்தால் வெடிப்பு இன்னும் பிறந்திருக்காது. இங்கே ஐப்பசி, கார்த்திகை மாரியில் வாய் திறந்த ரொட் பெட்டி மேசையில் நாட்கணக்காகக் கிடக்கிறது. ரொட் நல்லதுதான், வைத்திருக்கிற முறையில் நஞ்சாகிவிடுகிறது.

எவ்வளவு சூட்டை இரும்புக்குள் விடுகிறோம் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 24 வோல்ற், 120 அம்பியர், நிமிடத்துக்கு 150 மில்லிமீற்றர் வேகத்தில் கை நகர்ந்தால், ஒவ்வொரு மில்லிமீற்றர் நீளத்துக்கும் ஏறத்தாழ 1.15 கிலோயூல். கை பாதி வேகத்தில் போனால் சூடு இரட்டிப்பு. மெல்லிய குழாயில் அப்படிப் போனால் மணிகள் பருத்து, பகுதியே தளர்ந்து, வடிவமும் கோணிவிடும். ஆக, குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை.

இவையெல்லாம் சின்னப் பட்டறைக் கதைகள் என்று நினைக்க வேண்டாம். மகளைப் பார்க்க மெல்பேர்னுக்குப் போயிருந்தபோது, யாரா ஆற்றின் குறுக்கே போகிற கிங் ஸ்ரீற் பாலத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் போய்ப் பார்த்தேன். 1961இல் திறந்த பாலம் அது. மறு வருடம் ஜூலை 10ஆம் திகதி, அவர்களுடைய குளிர்காலத்துக் காலையில், ஏறத்தாழ 45 தொன் பாரத்தோடு ஒரு வாகனம் ஏறியபோது ஒரு கண் இடிந்து இறங்கியது. கீழே அடைத்துக் கட்டியிருந்த சுவர்கள் தாங்கியதால் முற்றாக விழவில்லை; ஒருவரும் சாகவில்லை. விசாரித்தபோது தெரிந்தது இதுதான். பாலத்தின் பெரிய தீராந்திகளுக்குப் பலம் கூட்டக் கீழ்ப்புறத்தில் தட்டுகள் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தட்டுகளின் நுனியில் குறுக்காகப் போட்ட சிறிய ஒட்டுகளின் ஓரத்தில், வெப்பம் பட்ட பகுதியில், வெடிப்புகள் பிறந்திருந்தன. உயர் பலமுள்ள உருக்கு, காபன் சமானம் கூடியது, போதிய முன்சூடு இல்லை. பலம் கூட்டுவதற்காக ஒட்டிய இடத்திலிருந்தே பிளவு தொடங்கிக் குளிரில் ஒரே வீச்சாக ஓடியிருக்கிறது. பாலத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கு எங்கள் கொழுவிகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அதே ஓரம், அதே காரணம்.

வடகடலில் 1980 மார்ச் 27ஆம் திகதி கவிழ்ந்த நோர்வேயின் அலெக்சாண்டர் கீலன் மிதவைத் தளத்தில் 123 பேர் இறந்தார்கள். அங்கே தொடக்கம், ஒரு சிறு கருவியைப் பொருத்துவதற்காகப் பிரதான குழாயில் போட்ட 6 மில்லிமீற்றர் ஒட்டு. அந்த வெடிப்புக்குள் பெயின்ற் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். தளம் கடலுக்குப் போகுமுன்பே வெடித்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. நம்முடைய பட்டறைகளில் கசடைக்கூடத் தட்டாமல், ஒட்டு ஆறுமுன்னே அன்ரிகொரோசிவ் பெயின்ற் அடித்துக் கொடுப்பதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு நெஞ்சு திடுக்கென்கும். பெயின்ற் அடிக்குமுன் ஒருதரம் கசடு தட்டி, கம்பித் தூரிகை போட்டு, ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள்.

நான் இவ்வளவும் எழுத வந்தது வீடு கட்டுகிறவர்களுக்காக. இப்போது தூணுக்கும் பீமுக்கும் வருகிற முறுக்குக் கம்பிகள் உண்மையில் முறுக்கியவை அல்ல. உருட்டாலையிலிருந்து செந்தணலாக வெளிவருகிற கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி, வெளித்தோலை மட்டும் தோய்ச்சல் வைத்து, உள்ளே மிஞ்சியிருக்கிற சூட்டால் அந்தத் தோலைப் பதப்படுத்துகிறார்கள். கம்பியைக் குறுக்கே அறுத்து அமிலம் தடவினால் வெளியே ஒரு கறுத்த வளையமும் நடுவே வெளிறிய நெஞ்சும் தெரியும். கம்பியின் பலத்தைக் கூட்டுவது அந்த வளையம். வளைந்துகொடுக்கிற குணம் அந்த நெஞ்சு. கவனமில்லாமல் ஒட்டுகிறபோது, ஒட்டின் சூடு வளையத்தின் பதத்தை ஒரு இடத்தில் குலைத்துத் தளர வைக்கும். பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் வேகமாக ஆறி நொருங்கலாக்கும். பழைய வீடுகளில் இருக்கிற, உண்மையாகவே குளிரில் முறுக்கிய கம்பிக்கு இன்னும் மோசம். முறுக்கால் வந்த பலம் சூடு பட்ட இடத்தில் கழன்றுவிடும்.

இப்படிப்பட்ட கம்பியை ஒட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பிரித்தானிய நியமம் பி.எஸ் 4449 போன்றவை, ஒட்டக்கூடிய கம்பிக்குக் காபன் 0.22, காபன் சமானம் 0.50 என்று உச்ச எல்லை வைத்திருக்கின்றன. சான்றிதழ் உள்ள கம்பி, எழுதிக் கொடுத்த முறை, பழகிய கை, எஞ்சினியரின் அனுமதி எல்லாம் இருந்தால் ஒட்டலாம். எங்கள் வீட்டு வேலைகளில் நடப்பது அதுவல்ல. கட்டுக்கம்பியால் கட்ட நேரம் போகிறது என்று, றிங்கையும் தூண் கம்பியையும் டக் அடித்து நிறுத்துகிறார்கள். கம்பி நீளம் போதாவிட்டால் நுனியோடு நுனி வைத்து ஒட்டுகிறார்கள். 12 மில்லிமீற்றர் கம்பியில் ஒரு டக் என்றால், நான் மேலே சொன்ன அதே சின்னச் சூடும் வேகக் குளிரும்தான். கொங்கிறீற் போட்டதும் எல்லாம் மறைந்துவிடும். நம்முடைய கொழுவி உடைந்தால் ஒழுங்கையில் நின்று அடுத்த நாள் பட்டறைக்கு வரலாம். தூணை எங்கே கொண்டுபோவது?

கட்டுக்கம்பியால் கட்டினால் கம்பியின் பலத்தில் ஒரு துளியும் குறையாது. நீட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்று படிய வைத்துக் கட்ட வேண்டும். எவ்வளவு நீளம் படிய வேண்டும் என்பதை வரைபடத்தில் எஞ்சினியர் குறித்திருப்பார். வழக்கமாகக் கம்பியின் விட்டத்தைப் போல் 40, 50 மடங்கு வரும். 12 மில்லிமீற்றர் கம்பிக்கு அது ஏறத்தாழ இரண்டு அடி. அந்த இரண்டு அடிக் கம்பிக்குச் செலவாகிறதை மிச்சம் பிடிப்பதற்காகத்தான் நுனியோடு நுனி ஒட்டுகிறார்கள்.

கம்பி கட்டி முடிந்த நாளில், பலகை அடிக்குமுன், ஒருதரம் தூண் கூட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். கம்பி மேல் மணி மணியாகக் கறுத்த ஒட்டுப் புள்ளிகளும் சுற்றி நீலம் பாரித்த நிறமும் இருந்தால் அங்கே டக் விழுந்திருக்கிறது. மேசனோடு சண்டை பிடிக்க வேண்டாம். எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தக் கம்பியை மாற்ற வேண்டுமா, பக்கத்தில் இன்னொன்றைப் படிய வைத்துக் கட்டினால் போதுமா என்று அவர் சொல்லுவார். அவர் பார்த்து முடியும் வரைக்கும் கொங்கிறீற் கலவையை வரவழைக்க வேண்டாம்.